தொழில்முறைச் சங்க மாநாடு: ஏற்பாடும் பணமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிஷியஸில் ஆசிரியர், கணக்காளர், மருத்துவர், பொறியாளர், மொழிபெயர்ப்பாளர் எனப் பல துறைச் சங்கங்களின் செயற்குழுக்களில் தமிழர்கள் இருக்கிறோம். நம்மில் பலர் கோயில் திருவிழாவுக்கு வசூல் நடத்திப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் ஆள் திரட்டவும் சமையல் பார்க்கவும் உதவும். பண விஷயத்தில் சில சமயம் தவறான வழியைக் காட்டும். கோயிலுக்குக் கொடுப்பவர் சாமிக்குக் கொடுக்கிறார். மாநாட்டுக்குக் கட்டணம் கட்டுபவரோ தமக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துத்தான் கட்டுகிறார். ஒரு துறைச் சங்கத்தில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தபோது புதிய செயற்குழுவினர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு எழுதிவைத்த பதில்கள் இவை.

லாப நோக்கற்ற சங்கம் மாநாட்டில் பணம் மிச்சம் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். லாப நோக்கற்றது என்பதற்கு மிச்சமே இருக்கக்கூடாது என்று பொருளில்லை. மிஞ்சியதை உறுப்பினர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது, சங்கத்தின் நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கமாகிய ஐ-டிரிபிள்-ஈ போன்ற பெரிய அமைப்புகள் தங்கள் பெயரில் நடக்கும் மாநாடுகளின் வரவு செலவுத் திட்டத்தில் உபரி காட்டப்பட்டிருக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கின்றன. ஒரு மாநாட்டில் மிஞ்சிய பணம்தான் அடுத்த மாநாட்டின் முன்பணமாகிறது, கூட்டம் குறைந்த ஆண்டில் கைகொடுக்கிறது, மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் தரவும் பயன்படுகிறது.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு உறுப்பினர்களோடு பதிவாகும் சங்கம் ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்குக் காட்டியாக வேண்டும். ஆகவே மாநாட்டு வரவையும் செலவையும் தனித் தலைப்பில் வைத்துக்கொள்வது நல்லது. மாநாட்டுக்கென்று செயற்குழுவினர் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கைப் பயன்படுத்துவதை, அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

எத்தனை மாதங்களுக்கு முன் தொடங்க வேண்டும்? யார் என்ன பார்ப்பது?

உள்நாட்டினர் மட்டும் கூடும் ஒருநாள் கருத்தரங்குக்கு ஆறு மாதங்கள் போதும். வெளிநாட்டவர் வரும் மாநாட்டுக்குப் பதினெட்டு மாதங்கள் தேவைப்படும். கட்டுரைச் சுருக்கம் கேட்டு அறிவிப்பது, வந்தவற்றை மதிப்பிடுவது, தேர்வானவர்களுக்குக் கடிதம் அனுப்புவது, அந்தக் கடிதத்தைக் காட்டி அவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தில் பயணப்பணம் கேட்பது, பிறகு விசாவும் பயணச்சீட்டும் என்று ஒவ்வொரு படியும் முந்தைய படிக்காகக் காத்திருப்பதே காரணம்.

பொறுப்புகளைப் பிரிக்கும்போது ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: நிகழ்ச்சியை வகுக்கும் குழுவும் பணத்தைப் பார்க்கும் குழுவும் வேறு வேறாக இருக்க வேண்டும். யார் பேசுவது என்பதை முடிவு செய்பவரே யாரிடம் நன்கொடை வாங்குவது என்பதையும் முடிவு செய்தால், விரைவிலேயே நன்கொடையாளரின் மேலாளர் தொடக்க உரையாற்றிக்கொண்டிருப்பார். கட்டுரைகளை மதிப்பிட ஈசிசேர் போன்ற மென்பொருள்கள் உள்ளன. நூறு கட்டுரைக்குக் குறைவு என்றால் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஒரு விரிதாளே போதுமானது.

தொழில்முறை மாநாட்டு ஏற்பாட்டு நிறுவனத்தை அமர்த்தலாமா என்றும் கேட்கிறார்கள். முந்நூறு பேருக்கு மேல், அதிலும் பாதிப்பேர் வெளிநாட்டவர் என்றால் அமர்த்தலாம். அப்போதும் பதிவுக் கட்டணம் நேராகச் சங்கத்தின் கணக்குக்கு வர வேண்டும். நிறுவனத்துக்குரிய தொகையைப் பிறகு நாம் கொடுக்க வேண்டும்.

எந்த மாதம் வைப்பது?

புயற்காலம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதிவரை நீள்கிறது; ஜனவரி முதல் மார்ச்வரை அச்சம் அதிகம். மூன்றாம் எண் எச்சரிக்கை வந்துவிட்டால் அலுவலகங்கள் மூடப்படும், பேருந்துகள் ஓடா, உங்கள் தலைமை விருந்தினர் விடுதி அறையில் இருந்தபடி காற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதே மாதங்களில்தான் தைப்பூசக் காவடியும், கிராண்ட் பாசினுக்கு மக்கள் நடந்து செல்லும் மகா சிவராத்திரியும், மார்ச் 12 தேசிய நாளும் வருகின்றன. டிசம்பரில் விடுதி வாடகை உச்சத்தில் இருக்கும். எஞ்சுபவற்றில் ஜூன், ஜூலை மாதங்களே வசதியானவை: குளிர்காலம், விடுதிகளில் கூட்டம் குறைவு, வடக்கு நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கும் விடுமுறை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். ஏழாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1989 டிசம்பரில்தான் மொரிஷியஸில் நடந்தது. 1964இல் தில்லியில் தொடங்கிய பன்னாட்டுச் சங்கம் ஒன்று, 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டி, நாட்டுக்கு நாடு நகர்ந்து இங்கு வந்த கதை அது. பெரிய மாநாட்டுக்கு வருபவர் எந்த மாதத்திலும் வருவார். நம்முடைய நூற்றைம்பது பேர் மாநாட்டுக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? விடுதி ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம், ரெதுயில் உள்ள பல்கலைக்கழகம் போன்ற கல்வி வளாகங்கள், தலைநகரை அடுத்துள்ள சுவாமி விவேகானந்தர் பன்னாட்டு மாநாட்டு மையம், எபேன் பகுதி விடுதிகள், கடற்கரை விடுதிகள் என்று நான்கு வகை இடங்கள் உண்டு. கல்வி வளாகத்தில் வாடகை குறைவாக இருக்கும். ஆனால் ஒலிபெருக்கி, உணவு, துப்புரவு எல்லாவற்றையும் நாமே பார்க்க வேண்டும். கடற்கரை விடுதி என்றால் வெளிநாட்டவர் மகிழ்ச்சியாக வருவார்கள், பிற்பகல் அமர்வுக்கு மட்டும் வர மாட்டார்கள்.

விடுதி ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை விரல்வைத்துப் படியுங்கள். முதலாவது, குறைந்தபட்ச எண்ணிக்கை: நூறு சாப்பாடு என்று எழுதிக் கையெழுத்திட்டால் எழுபது பேர் வந்தாலும் நூற்றுக்கே பணம். இரண்டாவது, அந்த எண்ணிக்கையைக் குறைக்கக் கடைசி நாள் எது என்பது. மூன்றாவது, பிரதிநிதிகளுக்காகப் பிடித்துவைக்கும் அறைகள். இதில் எங்கள் சங்கமே கையைச் சுட்டுக்கொண்டது. கடற்கரை விடுதி ஒன்றில் 60 அறைகளைப் பிடித்துவைத்தோம். அவற்றில் எண்பது விழுக்காட்டுக்கு நாங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதாவது 48 அறைகள். நிரம்பியவை 31. பலர் அதே விடுதியை இணையத்தில் எங்கள் சலுகை விலையைவிடக் குறைவாகப் பிடித்துக்கொண்டார்கள். உறவினர் வீட்டில் தங்கியவர்களும் இருந்தார்கள். ஆள் இல்லாத 17 அறைகளுக்கு வாடகை கட்டினோம். விடுதியின் மேல் பிழை இல்லை. படிக்காமல் கையெழுத்திட்டது நாங்கள். இப்போது சங்கத்தின் பொறுப்பில் அறை பிடிப்பதே இல்லை. ஒரு சலுகைக் குறியீட்டை மட்டும் வாங்கித் தருகிறோம். பிரதிநிதிகள் தாங்களே பதிவு செய்துகொள்கிறார்கள்.

பதிவுக் கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

சென்ற முறை எவ்வளவு, அதற்கு மேல் ஐந்நூறு என்று நிர்ணயிப்பதுதான் பெரும்பாலான சங்கங்களின் வழக்கம். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒரு கற்பனை மாநாட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் புரிவதற்காக மட்டுமே.

எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவுகள்: மண்டப வாடகை 1,20,000 ரூபாய், ஒலி ஒளி 60,000, வெளிநாட்டுப் பேச்சாளர் இருவரின் பயணமும் தங்குமிடமும் 1,60,000, அச்சும் இணையதளமும் 50,000, எதிர்பாராச் செலவு 30,000. ஆக 4,20,000 ரூபாய். ஆளுக்கு ஆள் கூடும் செலவு: உணவும் தேநீரும் நாளுக்கு 1,200 என்கிறது விடுதியின் விலைப்புள்ளி. அதன்மேல் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி சேர்ந்தால் 1,380. இரண்டு நாளுக்கு 2,760. அடையாள அட்டையும் கோப்பும் 40. ஆக 2,800 ரூபாய். கட்டணம் 4,500 என்று வைத்தால், ஒருவர் கட்டும் பணத்தில் 1,700 ரூபாய்தான் மாறாச் செலவுக்குப் போகும். 4,20,000த்தை 1,700ஆல் வகுத்தால், 248 பேர் வந்தால்தான் கை கடிக்காது.

இந்த இடத்தில் வரியை மறந்துவிட்டவர் ஆளுக்கு 2,440 ரூபாய்தான் செலவு என்று எண்ணி, 204 பேர் போதும் என்று நிம்மதியாகத் தூங்குவார். மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்யாத சங்கம் விடுதிக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அந்த 204 பேரும் வந்து சேர்ந்த பிறகு அவருக்கு 73,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழும்.

இனி ஸ்பான்சர் ஒருவர் 1,50,000 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார் என்போம். திரட்ட வேண்டியது 2,70,000 ஆகிறது. 159 பேர் போதும். எல்லோரும் மூச்சுவிடும் இந்த நேரத்தில்தான் இலவசப் பட்டியல் வரும்: செயற்குழு, அழைப்பாளர்கள், தொண்டர்கள், ஸ்பான்சரின் ஆட்கள் என்று 20 பேர். அவர்களும் சாப்பிடுவார்கள். 56,000 கூடி, தேவை 192 பேர் ஆகிறது. அடுத்து, முன்கூட்டிப் பதிவு செய்வோருக்கு 3,800 என்று சலுகை அறிவிக்கிறோம். பாதிப்பேர் அதைப் பயன்படுத்தினால் சராசரிக் கட்டணம் 4,150. மிஞ்சுவது ஆளுக்கு 1,350. தேவை 242 பேர். ஸ்பான்சர் கொடுத்த ஒன்றரை லட்சம், இலவச அட்டையிலும் சலுகையிலும் கரைந்து, நாம் ஏறக்குறையப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பாட்டி சொன்னது மாநாட்டுப் பொருளாளருக்குத்தான் என்று தோன்றுகிறது.

ஆகவே முதலில் 3,800ஐயே நியாயமான கட்டணமாக வைத்துக் கணக்குப் போடுங்கள். தாமதமாக வருபவர் கூடுதலாகக் கட்டுவது போனஸாக இருக்கட்டும். வருவோர் எண்ணிக்கைக்கு, சென்ற இரு மாநாடுகளுக்கு உண்மையில் பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையில் குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படம் போட்டவர்களை எண்ணாதீர்கள்.

அப்படியானால் முன்பதிவுச் சலுகையே வேண்டாமா?

வேண்டும். அதன் பயன் பணத்தைவிடத் தகவல்தான். விடுதியில் எண்ணிக்கையைக் குறைக்கக் கடைசி நாள் எதுவோ, அதற்கு இரண்டு வாரம் முன்னால் சலுகை முடியும்படி வையுங்கள். அப்போது எத்தனை பேர் உறுதி என்று தெரிந்தபின் விடுதியிடம் பேசலாம். கெஞ்சுபவர்களுக்காகச் சலுகைத் தேதியை நீட்டித்தால், அடுத்த மாநாட்டில் யாரும் முன்கூட்டிக் கட்ட மாட்டார்கள்.

ஸ்பான்சர்களுக்கு என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பெயர், சின்னம், ஒரு ஸ்டால், நன்றியுரையில் ஒரு வரி ஆகியவற்றைக் கொடுக்கலாம். நிகழ்ச்சி நிரலில் இடம் கொடுக்கக் கூடாது. நிறுவனத்தின் அமர்வு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றால், அது நிறுவனத்தின் அமர்வு என்று நிரலிலேயே தெளிவாக அச்சிட வேண்டும். பிரதிநிதிகளின் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பட்டியலாகத் தரும்படி கேட்பார்கள். 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. உரியவர் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பட்டியல் வெளியே போகக் கூடாது.

மருத்துவத் துறையில் இந்தக் கவலை இன்னும் கூடுதல். ஐரோப்பிய மருத்துவக் கருவி நிறுவனங்களின் கூட்டமைப்பு, பிறர் நடத்தும் மாநாடுகளுக்கு மருத்துவர்களை நிறுவனங்கள் தாமே செலவு செய்து அனுப்பும் வழக்கத்தை 2018 ஜனவரி 1 முதல் தன் உறுப்பினர்களுக்குத் தடை செய்தது. பணத்தை ஒரு மருத்துவருக்குக் கொடுக்காமல் மாநாட்டு அமைப்பாளருக்கோ மருத்துவமனைக்கோ கல்வி நிதியாகக் கொடுக்கலாம்; யாரை அனுப்புவது என்பதை வாங்குபவரே முடிவு செய்வார். இது எந்தத் துறைக்கும் பொருந்தும் நல்ல முறை. அமெரிக்காவில் 1997இல் வந்த வரிவிதியும் ஒரு பாடம் தருகிறது. ஸ்பான்சரின் பெயரையும் சின்னத்தையும் காட்டி நன்றி சொல்வது வேறு, அவர் பொருளைப் புகழ்ந்து வாங்கச் சொல்வது வேறு. முதலாவதற்காகப் பெறும் பணத்துக்கு லாப நோக்கற்ற அமைப்பு வணிக வரி கட்ட வேண்டியதில்லை, இரண்டாவது விளம்பர வருமானமாகக் கருதப்படும். நம் சட்டம் வேறு. ஆனால் ஸ்பான்சர் கடிதம் எழுதும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருந்தால் சங்கத்தின் மதிப்புக் கெடாது.

சின்னங்களை எந்த வரிசையில் அச்சிடுவது என்பதை அற்பமாக எண்ண வேண்டாம். 1998இல் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழுக்கும் இந்திக்கும் இடம் மாறியதால் எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்ற நாடு இது. கொடுத்த தொகையின்படியா, அகர வரிசையிலா என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கேட்கலாமா?

நிறுவனங்கள் தங்கள் வரிக்குரிய வருமானத்தில் 2 விழுக்காட்டை இந்த நிதிக்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம்; அதில் பெரும்பகுதி அரசின் வழியாகத் தேசிய சமூக உள்ளிணைப்பு அறக்கட்டளைக்குப் போகிறது. வறுமை, உடல்நலம், கல்வி போன்ற சமூகப் பணிகளுக்கான பணம் அது. துறை வல்லுநர்கள் கூடிப் பேசும் மாநாட்டுக்கு அதை நம்பித் திட்டமிடாதீர்கள். நிறுவனங்கள் நமக்குக் கொடுப்பது அவற்றின் விளம்பரத் தொகையிலிருந்துதான். அந்தத் தொகை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கப்படும் காலத்தில் கதவைத் தட்ட வேண்டும், மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்னால் அல்ல.

வெளிநாட்டுப் பேச்சாளருக்கு என்னென்ன கொடுக்க வேண்டும்?

பயணச்சீட்டு, தங்குமிடம், உணவு, விமான நிலையத்திலிருந்து வண்டி ஆகியவற்றோடு, வசதியிருந்தால் சிறு மதிப்பூதியம். அழைப்புக் கடிதத்தில் எந்த வகுப்புப் பயணம், எத்தனை இரவு, உடன் வருபவரின் செலவு யாருடையது என்பவற்றை எழுதாமல் விட்டால், அவற்றைப் பிறகு பேசுவது இரு பக்கமும் கூச்சம். சென்னையிலிருந்தோ டர்பனிலிருந்தோ வருபவர் மூன்று இரவுக்காக மட்டும் வர மாட்டார் என்பதும் இயல்பே. கூடுதல் நாள்களின் செலவு அவருடையது என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் வருந்துவதில்லை.

உணவில் சிக்கனம் பிடிக்கலாமா?

தேநீரில் பிடிக்கலாம், மதிய உணவில் கூடாது. மக்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வது அங்கேதான். வாழையிலையில் ஏழு கறியோடு ஒரு சைவ உணவு போட்டால் இந்து, முஸ்லிம், கிறித்தவர் அனைவருக்கும் அதுவே பொருந்தும். நான்கு வகை மெனுவுக்கான செலவும் குழப்பமும் மிச்சம். விடுதிகள் வெளிச் சமையலை அனுமதிப்பதில்லை. கல்வி வளாகங்களில் பெரும்பாலும் முடியும். இரவு விருந்தைப் பதிவுக் கட்டணத்தில் சேர்க்காமல் தனிச் சீட்டாக விற்பதே நியாயம்.

புயலாலோ நோய்ப்பரவலாலோ நிறுத்த நேர்ந்தால்?

2020 மார்ச்சில் நாடு முடங்கியபோது பல சங்கங்கள் விடுதிக்குக் கொடுத்த முன்பணத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லாததை அறிந்தன. 2021 அக்டோபரில் எல்லைகள் முழுதும் திறக்கும்வரை அந்தப் பேச்சு நீண்டது. நம் சக்திக்கு மீறிய காரணத்தால் நிகழ்ச்சி நின்றால் முன்பணம் திரும்ப வருமா, வேறு தேதிக்கு மாறுமா, அப்படி மாறினால் பழைய விலையா புதிய விலையா என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். காரணங்களின் பட்டியலில் புயல் எச்சரிக்கையும் அரசின் தடை உத்தரவும் பெயர் சொல்லி இருக்க வேண்டும். நிகழ்ச்சி ரத்துக் காப்பீடு கிடைக்கிறது. ஆனால் 2020க்குப் பிறகு தொற்றுநோயை அத்தகைய காப்பீடுகள் பொதுவாக விலக்கிவிடுகின்றன.

பிரதிநிதிகளுக்கான விதியும் அதே அளவு தெளிவாக இருக்கட்டும்: எந்த நாள்வரை முழுத் தொகை திரும்பக் கிடைக்கும், எந்த நாள்வரை பாதி, அதன்பின் தமக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம்.

இணையவழிப் பங்கேற்புக்குக் கட்டணம் வாங்கலாமா?

வாங்கலாம். இலவசமாகக் கொடுத்தால், நேரில் வர நினைத்தவர்களில் சிலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். படப்பிடிப்பும் நல்ல இணைய இணைப்பும் அதைக் கவனிக்க ஓர் ஆளும் தனிச் செலவு. ரீயூனியனிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ள நம் உறவுகளைச் சேர்த்துக்கொள்ள இது நல்ல வழி. ரீயூனியனோடு நேர வேறுபாடே இல்லை.

மாநாடு முடிந்தபின் பொருளாளரின் வேலை எப்போது முடியும்?

கடைசி ரசீது வந்து, ஸ்பான்சர் சொன்ன மீதித் தொகையும் வந்தபிறகு. அதற்கு மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் செயற்குழுவுக்கு ஒரு பக்கக் கணக்கு கொடுங்கள்: திட்டமிட்ட தொகை ஒரு பத்தியில், உண்மையில் செலவானது அடுத்த பத்தியில், வேறுபாட்டுக்கான காரணம் ஒரு வரியில். அந்தத் தாளோடு, பணம் கட்டியவர், இலவசமாக வந்தவர், பதிவு செய்தும் வராதவர் ஆகியோரின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த பொருளாளர் முதலில் தேடுவது அதைத்தான். எங்கள் சங்கத்தில் நான் தேடியபோது கிடைத்தது குழுப் புகைப்படம் மட்டுமே.